கண்டவர் யார், பிடித்தவர் யார்?

'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லில் இரண்டு வினைகள் உள்ளன. காண்பது ஒன்று, பிடிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒருவரே செய்வதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தூத்துக்குடிக் கரையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கொற்கையைக் கண்டுபிடித்தவர் கால்டுவெல் என்று எழுதுவது வழக்கம். பெரிப்ளூசு என்னும் கிரேக்கக் கடல்வழி நூலும் தாலமியும் குறிப்பிடும் 'கொல்கோய்' என்ற முத்துத்துறை இதுவே என்று அவர் நிறுவினார். 1870களில் அங்கு அகழ்ந்தும் பார்த்தார். ஆனால் கொற்கை ஒருநாளும் தொலைந்துபோகவில்லை. அதே பெயரோடு மக்கள் அங்கே குடியிருந்தனர். தொலைந்தது கடல்தான், தாமிரபரணி மண்ணைக் கொணர்ந்து கொட்டி அதை அப்பால் தள்ளிவிட்டது. ஆகவே கால்டுவெல் கண்டது ஊரையன்று. ஊருக்கும் ஏட்டுக்கும் இடையில் அறுந்திருந்த இழையை. அதைச் சிறிய செயலென்று நாம் சொல்லமாட்டோம். கொற்கை முத்தைப் பாடும் மதுரைக்காஞ்சி உ.வே.சா.வின் பத்துப்பாட்டுப் பதிப்பில் அச்சேறியது 1889-இல்தான் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு, கதிர்கரிமக் கணிப்பில் கி.மு. 785 என்ற காலத்தைத் தந்தது. அறிவியல் கேட்பது இத்தகைய சான்றை.

சட்டம் கேட்பது வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும். உரிமையாளர் எவரும் இல்லையென்றால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு. நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. மண்ணில் கண்டவரிடம் அரசு காட்டிய இந்தத் தாராளம் நம்மை வியக்கவைக்கிறது.

கடலில் கண்டவர் நிலை என்ன? கரையிலிருந்து பல கல் தொலைவில், நீருக்கடியில் கிடக்கும் முத்துப் பார்களை அறிந்தவர்கள் குளியாட்கள். 'தோலாயிரம் பார்' என்பது அரசின் ஆய்வேடுகளிலும் அந்தத் தமிழ்ப் பெயராகவே நிற்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889-இல் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் பார்த்து எழுதினார். அக்காலத்தில் மூழ்கி எடுத்த சிப்பிகளைக் கரையில் மூன்று குவியலாக்குவார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாட்களுக்கு. பாரைக் கண்டதற்கென்று தனிப் பங்கு கிடையாது. மூச்சடக்கி எடுத்ததற்கே அந்த ஒன்று.

அந்த ஒரு பங்கையும் குளியாட்கள் பெரும்பாலும் கரையிலேயே, சிப்பியைத் திறக்காமலே விற்றுவிடுவார்கள். உள்ளே முத்து இருந்ததா என்பதை வாங்கியவர்தாம் பார்த்தார்.