பன்னாட்டுத் தேதிக் கோடு

பன்னாட்டுத் தேதிக் கோடு என்பது பசிபிக் பெருங்கடலில், பெரும்பாலும் 180 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, வட துருவம் முதல் தென் துருவம்வரை வரையப்படும் கற்பனைக் கோடு. மேற்கு நோக்கி இதைக் கடப்பவர் தேதியில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கிழக்கு நோக்கிக் கடப்பவர் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நிலப்படங்களில் நாட்டெல்லை போல அழுத்தமாகத் தெரிந்தாலும் இதை வகுத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஒரு தீவுக்கு ஐரோப்பியக் கப்பல்கள் எந்தத் திசையிலிருந்து வந்தனவோ, அந்தத் திசையின் கிழமையே அங்கு நிலைத்தது. கோட்டின் வளைவுகளில் சில பழைய கடல்வழிகளின் தடங்களே.

மேற்கே 15 பாகை செல்பவருக்குச் சூரியன் ஒரு மணி நேரம் பிந்தி உச்சிக்கு வரும். உலகைச் சுற்றி முடிக்கையில் இந்த மணிகள் சேர்ந்து ஒரு முழு நாளாகின்றன. சிரியாவைச் சேர்ந்த புவியியலாளர் அபுல் ஃபிதா (1273–1331) இதை மூன்று பேரை வைத்து விளக்கினார்: ஒருவர் ஊரிலேயே இருக்க, மற்ற இருவர் எதிரெதிர்த் திசைகளில் உலகைச் சுற்றி ஒரே நேரத்தில் திரும்பினால், மேற்கே போனவரின் கணக்கில் ஒரு நாள் குறையும், கிழக்கே போனவரின் கணக்கில் ஒரு நாள் கூடும். எவரும் உலகைச் சுற்றி வராத காலத்தில் கணக்கினால் மட்டுமே இதைக் கண்டது வியப்புக்குரிய அறிவுச் சாதனை.

நேரடிச் சான்று 1522இல் கிடைத்தது. ஸ்பெயினுக்காக மேற்கே புறப்பட்ட மெகல்லனின் பயணக் குழுவில் எஞ்சியவர்கள் எல்கானோவின் தலைமையில் 'விக்டோரியா' கப்பலில் திரும்பும் வழியில், ஜூலை மாதம், உணவு தேடிக் கேப் வெர்டே தீவுகளில் ஒதுங்கினர். கரைக்குப் படகில் போனவர்களிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். போர்த்துகீசியர் வியாழன் என்றனர். கப்பல் குறிப்பிலோ புதன். நாட்குறிப்பு எழுதிய பிகபெட்டா நோயில் படுக்காதவர், ஒரு நாளும் விடாமல் குறித்து வந்தவர். ஆகவே கணக்குத் தவறியிருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. அவர் குறிப்பில் பிழை இல்லை. நோன்புகளும் திருநாள்களும்தான் ஒரு நாள் தள்ளிக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தன.

மெகல்லனின் கப்பல்கள் மேற்கு வழியைத் தேடியதற்கு இன்னொரு கற்பனைக் கோடு காரணம். 1494ஆம் ஆண்டின் டோர்டெசில்லாஸ் உடன்படிக்கை, கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கோட்டை இழுத்து, அதன் கிழக்குப் பகுதியைப் போர்த்துகலுக்கும் மேற்குப் பகுதியை ஸ்பெயினுக்கும் விட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் வழி ஸ்பெயினுக்கு அடைபட்டது. அதனால் 1565 முதல் 1815வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து வணிகக் காற்றைப் பிடித்து மேற்கே மணிலாவுக்குப் போயின. திரும்புகையில் வடக்கே ஜப்பான் பக்கம் ஏறி மேலைக்காற்றைப் பிடித்தன. வெள்ளியும் பட்டும் போன வழியிலேயே தேதியும் போயிற்று. மணிலாவில் அமெரிக்கக் கிழமை வழங்க, கிழக்கு நோக்கி வந்த போர்த்துகீசியரின் மக்காவு துறைமுகத்தில் மறுநாள் நடந்தது. அருகருகே இருந்த இரு துறைமுகங்களுக்கு இடையே கடிதத் தேதியும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகவில்லை. மெக்சிகோ விடுதலை பெற்று, வணிகம் சீனக் கரைக்குத் திரும்பிய பிறகே இந்தத் தவறு திருத்தப்பட்டது. பிலிப்பைன்ஸ் ஆளுநர் கிளவேரியாவின் ஆணைப்படி 1844 டிசம்பர் 30 திங்களுக்கு அடுத்த நாள் 1845 ஜனவரி 1 புதன். 1844இல் பிலிப்பைன்ஸில் டிசம்பர் 31 இல்லை.

அலாஸ்காவில் நேர்மாறாக நடந்தது. சைபீரியா வழியாக வந்த ரஷ்யர்கள் ஆசியக் கிழமையையும் ஜூலியன் நாட்காட்டியையும் கொண்டுவந்திருந்தனர். 1867இல் அந்நிலம் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டபோது, அக்டோபர் 6 வெள்ளிக்கு அடுத்த நாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளி.

1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடிய மாநாடு கிரீனிச்சைத் தொடக்கத் தீர்க்கரேகையாக ஏற்றது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. தேதிக் கோட்டைப் பற்றி மாநாடு தீர்மானம் எதையும் நிறைவேற்றவில்லை. எனவே கோட்டை நகர்த்துவது அந்தந்த அரசின் விருப்பமாயிற்று. அமெரிக்க வணிகத்துக்காக 1892இல் ஜூலை 4ஐ இருமுறை கடைப்பிடித்த சமோவா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வணிகத்துக்காக 2011இல் டிசம்பர் 30ஐக் கைவிட்டது. கோட்டால் இரண்டாகப் பிளந்து கிடந்த கிரிபாட்டி 1995இல் அதைக் கிழக்கே வெகுதூரம் தள்ளி வைத்தது. டோங்கா நாடும் 180 பாகைக்குக் கிழக்கே இருந்தபடி மேற்கின் தேதியையே பின்பற்றுகிறது.

இன்று கப்பல்களும் விமானங்களும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் இயங்குகின்றன. பயணச்சீட்டில் மட்டும் உள்ளூர்த் தேதி அச்சாகிறது: சமோவாவின் ஆபியாவில் ஞாயிறு காலை ஏறுபவர், சற்றேறக்குறைய அரை மணியில், அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் சனிக்கிழமை காலை இறங்குவார். 2007 பிப்ரவரியில் ஹவாயிலிருந்து ஜப்பானுக்குப் புறப்பட்ட அமெரிக்க எஃப்-22 போர் விமானங்களின் கணினிகள் இக்கோட்டைக் கடக்கையில் செயலிழந்தன. அவை எரிபொருள் நிரப்பும் விமானங்களைப் பின்தொடர்ந்து ஹவாய்க்கே திரும்பின. பின்னர் மென்பொருள் திருத்தப்பட்டது.