யாழ்ப்பாணத் தீவக நில அளவையில் கோண அலகு மாற்றம்

எல்லைக் கோடு ஓடும் திசையை ஓர் அலகில் அளந்து, கணக்கிடுவதற்காக வேறோர் அலகில் எழுதுவது கோண அலகு மாற்றம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகக் காணிகளுக்குள் கோணம் பிந்தியே நுழைந்தது. பழைய காணி உறுதிகளில் இருப்பவை பரப்பளவும் நாற்புறத்து எல்லைக்காரர் பெயர்களுமே. அந்தப் பரப்பளவும் பயிரைப் பொறுத்தது. வரகுக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு, நெற்கணக்கில் 12 குழி ஒரு பரப்பு. ஓர் ஏக்கருக்கு முன்னது 16, பின்னது 24. இரண்டு வழியிலும் ஏக்கருக்கு 288 குழிதான்; ஒரு குழி ஏறத்தாழ 14 சதுர மீற்றர்.

ஆனால் நான்கு பரப்புக் காணி நீளமாகவும் கிடக்கலாம், சதுரமாகவும் கிடக்கலாம், கோணலாகவும் கிடக்கலாம். வடிவத்தை உறுதி சொல்லாது, வேலிதான் சொல்லும். நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள் அந்த வேலையைச் செய்தன. ஏனைய தீவுகளில் பனை வரிசையும் கிடுகு வேலியும் செய்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்கு லெய்டன், டெல்ஃப்ட், ஹார்லெம் என்று தங்கள் நகரப் பெயர்களைச் சூட்டி, காணிகளைத் தோம்பு எனும் பதிவேட்டில் பதிந்தனர்.

கோணம் இப்பகுதிக்குப் புதிதன்று. பாகை, கலை, விகலை ஆகியவை பஞ்சாங்கம் கணிப்போர் நெடுங்காலம் கையாண்ட சொற்கள்: 60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. கப்பலோட்டிகளின் திசைகாட்டி வட்டத்தை 32 கூறாக்கியது. ஒரு கூறு 11 பாகை 15 கலை. கடலுக்கு அது போதும், காணிக்குப் போதாது.

1800 ஆகஸ்ட் 2இல் பிரித்தானியர் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். முதல் நில அளவையாளர் நாயகம் ஜொன்வில். சங்கிலியும் திசைகாட்டியும், பின்னர் தியோடலைட் எனும் கோணமளக்கும் கருவியும் கொண்டு வரைந்த படங்களில் ஒவ்வொரு எல்லைக்கும் நீளமும், வடக்கிலிருந்து அளந்த கோணமான திசைகோளும் கிடைத்தன. பிரெஞ்சுப் புரட்சிக்கால மெட்ரிக் சீர்திருத்தம் செங்கோணத்தை 100 கூறாக்கியது. கோன் எனப்படும் அக்கூறு 54 கலைக்குச் சமன். மெட்ரிக் முறை இலங்கைக்கு வந்தபோது ஏக்கருக்குப் பதில் ஹெக்டயர் வந்தது, பாகை அசையவில்லை. இன்றைய டோட்டல் ஸ்டேஷன் கருவிகள் பெரும்பாலானவற்றில் பாகை, கோன், மில் மூன்றையும் தெரிவுசெய்யலாம். கணினி நிரல்களோ சைன், கோசைன் காண ஆரையனையே கேட்கும். ஓர் ஆரையன் 57 பாகை 17 கலை 45 விகலை.

பிழை அதிகம் நுழையும் வாசல் மிகச் சிறியது. 47 பாகை 30 கலை என்பது 47.5 பாகை. அதை 47.30 என்று கணிப்பானில் அடித்தால் 12 கலை குறையும். நூறு மீற்றர் எல்லையின் மறுமுனை அப்போது 35 சென்ரிமீற்றர் விலகும். இடையில் விழும் முக்கோணம் 17 சதுர மீற்றருக்கு மேல், அதாவது ஒரு குழியிலும் அதிகம். குழிக்கணக்கில் காணி பிரிக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய இழப்பு.

எந்த வடக்கிலிருந்து அளப்பது என்பது இன்னொரு மாற்றம். பழைய திசைகாட்டி அளவைகள் காந்த வடக்கைச் சார்ந்தவை. அது காலத்தோடு நகர்வது. தேசிய ஆள்கூற்று வலையின் தொடக்கப் புள்ளி பிதுருதலாகலைக்கருகே இருப்பதால், அதற்கு மேற்கே விலகிய நெடுந்தீவில் வலைக்கோடுகள் காட்டும் வலைவடக்கு, துருவத்தை நோக்கிய மெய்வடக்கிலிருந்து ஏறத்தாழ 11 கலை மேற்காகச் சாய்ந்திருக்கும். ஊர்காவற்றுறையில் சாய்வு 9 கலை அளவு. அலகை எவ்வளவு திருத்தமாக மாற்றினாலும், வடக்கு எது என்று கேளாதவருக்கு மேற்சொன்ன கணிப்பான் பிழை அளவுக்கே தவறு நேரும்.

1990 தொடங்கிய இடப்பெயர்வுக்குப் பின் தீவகத்தில் பல காணிகளின் வேலி மறைந்தது. எல்லைக்காரரும் ஊரில் இல்லை. அத்தகைய காணியில் பழைய அளவைப் படத்தின் திசைகோளை இன்றைய வலைக்கு மாற்றி, எஞ்சியிருக்கும் கிணற்றிலிருந்தோ எல்லைக்கல்லிலிருந்தோ நில அளவையாளர் கோட்டை மறுபடி இழுக்கிறார்.