வயிறு நிறைந்த பிறகும் தீராத பசி

பாசிக்குடாவில் எங்களுடன் இருக்கும் பெரியம்மா வாகரையைச் சேர்ந்தவர். 2006 இன் இறுதியில் ஷெல்லடிக்குள் அரிசி தட்டுப்பட்டுக் கிடந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தவர். இன்றும் தலையணைக்கடியில் ஒரு பிஸ்கட் பக்கற் இருக்கும். சோற்றுக் கோப்பையைக் கண்டால் தலை நிமிராமல் சாப்பிடுவார். இதை ஆசை என்றே நானும் நினைத்திருந்தேன்.

பசியை நடத்துவது வயிறு மட்டுமல்ல. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. வெறும் வயிறு கிரெலின் என்ற ஓமோனை அனுப்பி 'சாப்பிடு' என்கிறது. இதை 1999 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உடற்கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், சேமிப்பு எவ்வளவு என்று தெரிவிக்கிறது. உடல் மெலிந்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், உடலின் செலவைக் குறைக்கும். இதில் மனவுறுதிக்குப் பெரிய இடமில்லை.

1945 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்சல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை, அவர்களின் சம்மதத்துடன், ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். நல்ல தேகசுகமுள்ள அந்த ஆண்கள் சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், கோப்பையை நக்கினார்கள், கனவிலும் சாப்பாட்டையே கண்டார்கள். பிறகு வேண்டியமட்டும் கொடுத்தபோது, வயிறு முட்டியும் பசி போகவில்லை என்றார்கள் சிலர். அவர்களுக்கு ஷெல்லடி இல்லை, பிள்ளைகளைப் பற்றிய பயமும் இல்லை.

பயம் வேறு கணக்கு. குண்டு விழும் நேரத்தில் பசி அடங்கிப்போகும். ஓடுவதுதான் முதல் வேலை. ஆனால் மாதக்கணக்காகப் பதற்றம் நீடித்தால் கோர்ட்டிசோல் ஏறி, இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் நாட்டம் கூடலாம். தனியே இருந்து சீனியை அள்ளிச் சாப்பிடும் ஆட்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதையும் நாங்கள் வாய்ருசி என்றே பேசுகிறோம்.

உடல் தேறினால் லெப்டினும் ஏறும். பஞ்சத்தில் பழகிய பழக்கம் அதோடு போய்விடுவதில்லை.

பெரியம்மாவுக்கு இப்போது நீரிழிவு. கிளினிக்கில் சொன்னபடி மூன்று வேளையும் நேரம் தவறாமல் கொடுக்கிறோம். பிந்தினால் பதறிவிடுவார். "நாளைக்கும் அரிசி கிடக்கா மனே?" என்று இரவில் கேட்பார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு அரிசி வாளியைத் திறந்து காட்டுவேன். தலையணைக்கடியில் இருக்கும் பக்கற்றை எடுக்க வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சீனி குறைந்த பிஸ்கட்டாக மட்டும் மாற்றி வைத்திருக்கிறோம்.