பெருங்கோப்பும் ஔகாரமும்

ஔவையார் ஒருவரா, பலரா என்னும் வினாவைத் தமிழ் கற்றோர் ஒருமுறையேனும் எழுப்பியிருப்பர். சங்கப் பாடல் பாடியவரும் ஆத்திசூடி இயற்றியவரும் ஒருவராக இருத்தல் இயலாது என்பதை நடையையும் சொல்லாட்சியையும் கொண்டு அறிஞர் துணிந்தனர். இத்தகைய வினா ஒன்றே, மிகப் பெரிய நூற்கோப்புகளைக் கணினியில் திருத்தும் கருவிகள் பிறப்பதற்கும் ஒரு காரணமாயிற்று.

1787, 1788 ஆண்டுகளில் அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்துப் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியோர் அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிசன், ஜான் ஜே ஆகிய மூவர். அவற்றுள் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையனவா மாடிசனுடையனவா என்பது நெடுங்காலம் தீராத வழக்கு. மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியலார் இருவர் 1964-இல், சிறு சொற்களை எண்ணியே, அவை மாடிசனுடையவை என முடிவு கண்டனர். 'அப்பான்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் அடிக்கடி ஆள்வார். மாடிசன் அரிதாகவே ஆள்வார். பொருள் நிறைந்த பெருஞ்சொற்களைவிட, எழுதுவோர் தம்மை அறியாமல் ஆளும் இத்தகைய சொற்களே ஆளைக் காட்டிக்கொடுத்தன.

பின்னர், நியூ ஜெர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லீ மக்மஹோன் என்பவர் இக்கட்டுரைகளைக் கணினியில் ஆராய முற்பட்டார். அங்கிருந்த கருவி, கென் தாம்சன் 1969-இல் எழுதிய 'எட்'. அது பக்கத்தைத் திரையில் விரித்துக் காட்டித் திருத்தச் செய்யும் கருவியன்று. கட்டளையை ஒரு வரியாக எழுதினால், அதன்படி திருத்தித் தரும். ஆனால் 85 கட்டுரைகளும் சேர்ந்த கோப்பு அதற்கு அடங்கவில்லை. அக்காலத்துப் பிடிபி-11 கணினியில் ஒரு நிரல் நேரே கையாளக்கூடிய நினைவகம் 64 கிலோபைட்டே. கோப்போ அதைப்போல் பல மடங்கு. ஆகவே தாம்சன், சொல் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் 'கிரெப்' என்னும் தனிக் கருவியாக்கினார் என்று அவருடன் பணிபுரிந்த பிரையன் கெர்னிகன் கூறுகிறார். தேடுவதோடு திருத்தவும் வல்ல 'செட்' என்னும் கருவியை 1974 வாக்கில் மக்மஹோனே எழுதினார்.

செட் வேலை செய்யும் முறையைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தை அறிந்தவர் எளிதில் விளங்கிக்கொள்வர். கங்காணி ஆயிரம் பேரையும் ஒருசேர மனத்தில் தாங்கி நிற்பதில்லை. முன்னால் வந்து நிற்பவருக்குரிய வேலையைச் சொல்லி அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். அவ்வாறே செட், கோப்பின் ஒரு வரியை எடுத்து, இட்ட கட்டளைப்படி திருத்தி வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த வரியை எடுக்கிறது. கோப்பு எவ்வளவு நீண்டாலும் அதற்குக் கவலையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் மொத்தப் பாடத்தையும் ஒரே கோப்பாகப் பெற்று, சாதாரணச் செயலியில் திறக்க முயன்றவர், கணினி திணறி நிற்பதைக் கண்டிருப்பர். செட் அதனைத் தயங்காமல் கடந்து செல்லும்.

நமக்கு இக்கருவி எதற்கு என்று கேட்கலாம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலிய அன்பர்களின் உழைப்பால் நம் இலக்கியங்களைக் கணினிக் கோப்புகளாக்கியது. அவற்றில் பல 'திஸ்கி' என்னும் குறியீட்டில் இருந்து பின்னர் யூனிகோடுக்கு மாறின. தமிழ்க் குறியீடுகள் பற்றிய கருத்தாடல் ஓங்கியிருந்த காலத்தில், 2001-இன் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது.

குறியீட்டை மாற்றுவது எழுத்துக்கு எழுத்து ஈடு வைக்கும் வேலையன்று. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே கணினிக்கும் வரிசை. கொம்பு முதலில், மெய் பின்னர். யூனிகோடிலோ மெய் முதலில், உயிர்க்குறி பின்னர். ஆகவே 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் சேர்த்து மாற்றும் கட்டளை முன்னே வரவேண்டும். 'கெ' என்பதற்குரியதை முன்னே வைத்தால், 'கொடி' என்பது 'கெ' ஆகிப் பின்னால் ஒரு கால் தனியே தொங்கும்.

இதைவிடக் கொடியது ஔகாரம். தட்டச்சுப் பழக்கத்தால் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து 'ஒளவையார்' என்றே எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் 'ஔவையார்' என்று சரியாக எழுதித் தேடுவோருக்கு, அந்நூலில் அப்படி ஒருவரே இல்லை என்று கிரெப் விடை சொல்லும்! சொற்களை எண்ணி ஆசிரியரைத் துணியும் ஆராய்ச்சி இங்கே என்னவாகும்?

சரி, 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' ஆக்குக என்று ஒரே வரியில் கட்டளையிடலாமே எனின், 'ஒளி' கெடும். கொம்பும் ளகரமும் சேர்ந்து வருவதை ஔகாரக் குறியாக்கினால் 'பெளர்ணமி' திருந்தும். 'வெளி', 'வெள்ளி', 'தெளிவு' மூன்றும் கெடும். ளகரத்தின்பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே, வேறோர் எழுத்து வந்தால் மாற்று என்பது திருத்தமான விதி. பழைய நூல்கள் சிலவற்றில் அதை இட்டுப் பார்த்து, நன்றாகவே பயன்பட்டது என மகிழ்ந்தேன்.

இன்னோர் இடரும் உண்டு. திருத்திய பாடத்தை மூலக் கோப்பின் பெயருக்கே திருப்பிவிட்டால், செட் படிக்கத் தொடங்குமுன்பே கணினி அக்கோப்பை வெறுமையாக்கிவிடும். நூல் முழுவதும் போகும். மீட்கும் வழி இராது. புதுப் பெயரில் எழுதி, மூலத்தை அப்படியே வைத்திருத்தல் வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கினார். வேறுபட்ட பாடங்களைத் தள்ளிவிடாமல் குறித்து வைப்பது அவர் பதிப்பு நெறி. பெல் ஆய்வுக்கூடத்தில் 1974 வாக்கிலேயே அத்தகைய ஒப்புநோக்கலுக்கு 'டிஃப்' என்னும் கருவி பிறந்தது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் இணை இணையாக அது தரும். பாடபேதப் பட்டியல் என்றே சொல்லலாம். தோட்டத்துக் கதைத் தொகுதி ஒன்றில் முற்கூறிய விதியை இட்டபின் அப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பேச்சு வழக்கில் ஒரு கிழவி, "வெளக்கக் கொளுத்துடா" என்று பேரனுக்குச் சொல்கிறாள். செட் அதனை 'வௌக்க' ஆக்கியிருந்தது.