பார்லித் தரவும் பல கட்ட வரைபடமும்

பல கட்ட வரைபடம் என்பது ஒரு தரவின் வெவ்வேறு பகுதிகளைச் சிறு வரைபடங்களாக, ஒரே அளவுகோலில், ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் முறையாகும். இன்றைய புள்ளியியல் நிரல்மொழிகளில் ஓரிரு வரிக் கட்டளையால் இதைச் செய்யலாம். அட்டவணையையும் விளக்கக் குறிப்பையும் அதே பக்கத்தில் சேர்க்கவும் முடியும்.

இந்த எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. வில்லியம் பிளேஃபேர் 1821-இல் கோதுமை விலை, கூலி, ஆட்சியாளர்களின் காலம் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் வரைந்தார். 1869-இல் சார்லஸ் மினார் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை வரைந்தபோது, படை தேய்ந்துபோன வழியை மேலேயும், திரும்பிய நாள்களின் கடுங்குளிரை அடியிலும் வைத்தார். விளக்கவுரையையும் அதே தாளில் எழுதினார். கையால் வரைபவருக்கு இதில் தடை இல்லை. ஆனால் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவர், படத்தகடு செய்பவர் வேறொருவர். அதனால் அட்டவணை ஓரிடத்திலும் அதற்குரிய படம் வேறிடத்திலுமாகப் பிரிந்தன.

அட்டவணையாக மட்டும் இருந்த ஒரு தரவில் எவ்வளவு மறைந்து கிடக்கும் என்பதற்கு மினசோட்டா பார்லித் தரவு நல்ல சான்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 6 இடங்களில், 10 பார்லி வகைகளை 1931, 1932 ஆகிய இரு ஆண்டுகளில் பயிரிட்டுக் கிடைத்த 120 விளைச்சல் அளவுகள் அவை. இம்மர், ஹேஸ், பவர்ஸ் ஆகியோர் 1934-இல் அவற்றை வெளியிட்டனர். மறு ஆண்டே ரொனால்டு ஃபிஷர் சோதனை வடிவமைப்பு பற்றிய தம் நூலில் ஒரு பகுதியை எடுத்தாண்டார். பின்னர் வந்தவர்களும் அதே எண்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர்.

பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஜான் சேம்பர்சும் குழுவினரும் தொடங்கிய 'எஸ்' மொழியில் ஒரு பக்கத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து வரைய முடிந்தது. ஆனால் எல்லாக் கட்டங்களுக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்கும்படி பயனர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பயனில்லை. அதே ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லாந்து, ரிச்சர்டு பெக்கர் ஆகியோர் 1990-களில் உருவாக்கிய 'டிரெல்லிஸ்' இந்தக் குறையைத் தீர்த்தது. தோட்டத்தில் கொடி படரக் கட்டும் சட்டத்தின் பெயர் அது.

கிளீவ்லாந்து தம் 1993-ஆம் ஆண்டு நூலில் பார்லித் தரவை 6 கட்டங்களாக வரைந்தார். இடங்களை அகரவரிசையில் அடுக்காமல் விளைச்சலின் நடு மதிப்பின்படி அடுக்கினார். இது சிறிய முடிவுபோலத் தோன்றினாலும் அங்கேதான் விஷயம் இருக்கிறது. 5 இடங்களில் 1931-இன் விளைச்சல் பொதுவாக மேலோங்கியிருந்தது. மாரிஸ் என்ற இடத்தில் மட்டும் நேர்மாறு: 1931-இல் சராசரி ஏக்கருக்கு 30 புஷலுக்கும் குறைவு, 1932-இல் 40-க்கும் மேல். அங்கே இரண்டு ஆண்டுகளும் தவறுதலாக இடம் மாறிப் பதிவாகிவிட்டன என்று அவர் கருதினார். ஏறத்தாழ 60 ஆண்டுகளாகப் பலர் கையாண்ட எண்களின் மேல் விழுந்த ஐயம் இது.

டிரெல்லிஸ் முறை பின்னர் 'ஆர்' மொழிக்கு வந்தது. ஆக்லாந்தில் பால் முரெல் எழுதிய 'கிரிட்' என்ற அடித்தளத்தின் மேல், இந்தியப் புள்ளியியலாளர் தீபாயன் சர்க்கார் 'லேட்டிஸ்' தொகுப்பைக் கட்டினார். பார்லித் தரவு அதனுடனேயே தரப்படுவதால், மாணவர்கள் பலர் மாரிஸ் ஐயத்தை அங்கேதான் முதலில் சந்திக்கிறார்கள். 'கிரிட்எக்ஸ்ட்ரா' தொகுப்பு அட்டவணையையே ஒரு படமாக்கி வரைபடத்தின் அருகில் வைக்கிறது. தாமஸ் லின் பெடர்சனின் 'பேட்ச்வொர்க்' தொகுப்பில் வரைபடங்களைக் கூட்டல் குறியால் சேர்க்கலாம், சாய்கோட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம். பொதுத் தலைப்பும் அடிக்குறிப்பும் இடலாம்.

கிளீவ்லாந்தின் முடிவு அப்படியே நிலைக்கவில்லை. 2013-இல் கெவின் ரைட் அதே இடங்களில் சுமார் 10 ஆண்டுகள் நடந்த சோதனைகளின் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து ஒப்பிட்டார். ஓர் இடம் மற்றவற்றுக்கு மாறாக நடப்பது அந்தப் பதிவுகளில் அரிதாக இல்லை. வானிலை, பயிர்நோய் போன்ற உள்ளூர்க் காரணங்களால் மாரிஸின் விளைச்சல் உண்மையிலேயே அப்படி இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. பிழையென்று கருதி மாரிஸின் ஆண்டுகளை மாற்றியிருந்தால் சரியான பதிவே கெட்டிருக்கக்கூடும். 6 கட்டங்களும் ஐயத்தை எழுப்பின. அதற்கு விடை தேட, அந்தப் படத்தில் இடம்பெறாத ஆண்டுகளின் அட்டவணைகள் தேவைப்பட்டன.