கொழும்புத் தறியும் லயத்துக் கம்பளியும்

இலங்கையில் நவீன வீட்டு அலங்காரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கொழும்பு காலி வீதியிலுள்ள பெயார்ஃபூட் கடையிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்தப் பெருமைக்கு அது உரியதே.

1928இல் கண்டியில் பிறந்து லண்டனில் ஓவியம் பயின்றவர் பார்பரா சன்சோனி. நல்லாயன் சபையைச் சேர்ந்த ஐரிஷ் கன்னியாஸ்திரீ ஒருவர் அவரிடம் உதவி கேட்டார். ஏழைப் பெண்களுக்கு நெசவால் ஒரு பிழைப்பு வேண்டும், அதற்கு நல்ல வடிவங்கள் வேண்டும் என்பதே கோரிக்கை. அந்த வேலையிலிருந்து 1964இல் பெயார்ஃபூட் பிறந்தது. லண்டனில் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கொன்ரன் ஹபிடாட் என்ற வீட்டுப்பொருள் கடையைத் திறந்து உலகத்தின் வரவேற்பறைகளை மாற்றத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

பார்பராவின் பலம் கோடும் கட்டமும். பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறு நிறம். சிவப்புப் பாவின் குறுக்கே மஞ்சள் நூலேற்றிய நாடா ஓடினால், எட்ட நிற்பவருக்கு அது செம்மஞ்சள். கிட்டப் போனால் இரு நூல்களும் தனித்தனியே தெரியும். மெத்தையுறை, மேசைவிரிப்பு, சாரம், குழந்தைகளின் பொம்மை என எல்லாவற்றிலும் இந்த நிற விளையாட்டு பரவியது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பென்தோட்டை பீச் ஹோட்டலிலும் இத்துணிகள் இடம்பிடித்தன. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர்க் கைத்தறிக்கு மேலும் இடம் கொடுத்தது.

ஆனால் 1964 என்றதும் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான அக்கரப்பத்தனையில் நினைவுக்கு வருவது வேறு. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, எஞ்சியோரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. கொழும்பில் புதிய வீட்டுக்குத் திரைச்சீலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அக்கரப்பத்தனையின் டயகம, ஹோல்புறூக் தோட்டங்களில் எந்த நாட்டில் வீடு என்பதே கேள்வியாக இருந்தது.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கும் ஒரு துணி வரலாறு உண்டு. அதன் நாயகன் கம்பளி. மழையிலும் பனியிலும் தலைக்கு மேல் மடித்துப் போட்டால் கொங்காணி, இரவில் அதுவே போர்வை. தோட்டம் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். நிறம் தேர்ந்தெடுக்கும் பேச்சே இருக்கவில்லை. காம்பரா எனப்படும் 10க்கு 12 அடி லய அறைக்குள் பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினால், புதுமணத் தம்பதிக்கு ஓர் அறை கிடைத்தது. திரைச்சீலையின் தேவையை இதைவிட அழுத்தமாக எந்தக் கடையும் உணர்த்தியிருக்க முடியாது.

பார்பரா சன்சோனி 2022 ஏப்ரலில் காலமானபோது நாடே அவருடைய நிறங்களை நினைவுகூர்ந்தது. லயத்துப் பெண்களின் வீட்டுக்கலைக்கு அப்படியொரு கடையும் இல்லை, பெயரும் இல்லை. அதன் தடயங்களைத் தேடுபவர்கள் கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றில் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மலையகத்தார் புழங்கிய வீட்டுச் சாமான்களை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.