கப்பலில் யாருக்கு எத்தனை வயது? கடல்வழி மதுவிதிகள் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மும்பையில் புறப்பட்டுக் கொச்சியைத் தொட்டு லட்சத்தீவு வரை செல்லும் ஓர் உல்லாசக் கப்பலில் 24 வயது இளைஞர் ஒருவர் பயணம் செய்வதாகக் கொள்வோம். மகாராஷ்டிரத்தில் கடுமதுவுக்கான வயது வரம்பு 25. ஆகவே புறப்படும் துறைமுகத்தில் அவர் சட்டத்தின் கண்ணில் இளையவர். கேரளத்தில் வரம்பு 23. கொச்சியில் இறங்கும்போது அவர் பெரியவராகிவிடுகிறார். லட்சத்தீவிலோ பங்காரம் தீவு நீங்கலாக மதுவிலக்கு நிலவுகிறது. அங்கே அவருடைய வயதுக்கே பொருளில்லை. மனிதர் ஒருவரே, கப்பலும் ஒன்றே. அப்படியானால் கப்பலுக்குள் அவருக்கு என்ன வயது?

மாணவர்களிடம் இக்கேள்வியை வைத்தால், கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியுள்ளதோ அந்நாட்டுச் சட்டமே செல்லும் என்ற விடை வரும். பாடநூல் விடை அது, தவறன்று. ஆனால் கடந்த முந்நூறு ஆண்டுக் கடல் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு விடையும் தென்படுகிறது. கப்பலில் குடிக்கும் வயதை வகுத்தவர்கள் பெரும்பாலும் குடிக்கும் இளையவரின் நலனை முன்னிறுத்தி அதை வகுக்கவில்லை. குடியால் தமக்கு நேரக்கூடிய இழப்பைக் கணக்கிட்டே வகுத்தார்கள். அந்த இழப்பு ஒரு காலத்தில் கடற்படையின் ஒழுங்காக இருந்தது. பின்னர் அரசின் இறையாண்மையாக இருந்தது. இன்று நிறுவனத்தின் வழக்குச் செலவாக இருக்கிறது. இக்கட்டுரை இந்த மாற்றத்தைச் சுருக்கமாகப் பின்தொடர முயல்கிறது.

பிரித்தானியக் கடற்படையிலிருந்து தொடங்குவோம். பீப்பாய்களில் அடைத்த நன்னீர் நெடும்பயணத்தில் கெட்டுவிடும். ஆகவே மாலுமி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் பீர் படியளக்கப்பட்டது. 1655-இல் ஜமைக்கா ஆங்கிலேயர் வசமானபின், மேற்கிந்தியக் கடற்பரப்பில் பீரின் இடத்தை ரம் பிடிக்கத் தொடங்கியது. 1731-ஆம் ஆண்டின் கடற்படை விதிகள் அரைப் பைண்ட் ரம்மை ஒரு கேலன் பீருக்கு ஈடாக ஏற்றுக்கொண்டன. இதன் விளைவை முதலில் உணர்ந்து செயல்பட்டவர் அட்மிரல் எட்வர்ட் வெர்னன். 1740 ஆகஸ்டில் அவர் பிறப்பித்த ஆணைப்படி, அரைப் பைண்ட் ரம்மில் ஒரு குவார்ட் தண்ணீர் கலந்து, நாளில் இரு வேளையாகப் பிரித்து வழங்க வேண்டும். அவர் அணிந்திருந்த 'குரோகிராம்' என்னும் முரட்டுத் துணி மேலங்கியை வைத்து மாலுமிகள் அவருக்கு இட்ட பட்டப்பெயரே அந்தக் கலவைக்கும் 'குரோக்' என்று நிலைத்தது.

வெர்னனின் ஆணை ரம்மின் கடுமையைப் பற்றியும் கொடுக்கும் நேரத்தைப் பற்றியும் பேசுகிறது. வயதைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் கப்பலில் வேலை பார்த்த காலம் அது. வேலை செய்பவனுக்குப் படி உண்டு என்பதே அன்றைய தர்க்கம். குடி அங்கே கேளிக்கையாகவன்றி, கூலியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

வயது பின்னர்தான் பேரேட்டில் ஏறுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் படியின் அளவு இருமுறை பாதியாகக் குறைக்கப்பட்டு, அரைப் பைண்ட் என்பது எட்டில் ஒரு பைண்டாகச் சுருங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் கடற்படைப் பதிவேடுகளில் ஒவ்வொரு மாலுமியின் பெயருக்கு நேரேயும் மூன்றில் ஒரு குறி இருக்கும். 'ஜி' என்றால் குரோக் பெறுபவர். 'டி' என்றால் மது மறுத்தவர். அவருக்கு ஈடாக நாளொன்றுக்கு மூன்று பென்னி கிடைக்கும். 'யூ.ஏ.' என்றால் வயது வராதவர், அதாவது இருபதுக்குக் கீழே. கடற்படையில் பீரங்கியை இயக்கவும் போரில் உயிர்விடவும் பதினெட்டு வயது போதும். ஒரு மிடறு ரம்முக்கு இருபது வேண்டும். இந்த முரண்பாடு அன்றைய மாலுமிகளுக்கும் தெரிந்திருந்தது. தம் படியை மற்றவருக்குக் கொடுப்பது விதிப்படி குற்றம். ஆனால் கப்பலின் கீழ்த்தளத்தில் ரம்மே நாணயமாகப் புழங்கிற்று. பட்ட கடனுக்கும் பெற்ற உதவிக்கும், பிறந்தநாள் வாழ்த்துக்கும்கூட ஒருவர் தம் குவளையிலிருந்து இத்தனை மிடறு என்று அளந்து கொடுத்தார். வயதுவிதி பேரேட்டில் இருந்தது, குவளை கைமாறிக்கொண்டிருந்தது. 1970 ஜனவரியில் மக்களவையில் நடந்த விவாதத்துக்குப் பின், அவ்வாண்டு ஜூலை 31-இல் அந்தப் படி முற்றாக நிறுத்தப்பட்டது. சிக்கலான கருவிகளை இயக்குபவர் நண்பகலில் மது அருந்தலாகாது என்பதே சொல்லப்பட்ட காரணம். இளையவரின் உடல்நலம் இங்கும் முதன்மைக் காரணமாகவில்லை.

அமெரிக்கக் கடற்படையின் வரலாறு இதற்கு இணையாகவும் சற்று முந்தியும் செல்கிறது. 1794-ஆம் ஆண்டுச் சட்டம் மாலுமிக்கு நாளொன்றுக்கு அரைப் பைண்ட் சாராயம் அல்லது ஒரு குவார்ட் பீர் என்று படி வகுத்தது. மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றபோது, 1842-இல் காங்கிரஸ் அந்தப் படியைப் பாதியாக்கியதோடு, 21 வயது நிரம்பாத எவருக்கும் சாராயப் பங்கு இல்லை என்றும் விதித்தது. 21 என்னும் எண் அன்று மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் ஒருவர் ஒப்பந்தம் செய்யத் தகுதிபெறும் வயது அது. சொத்துரிமைக்கு வகுத்த எண்ணே சாராயத்துக்கும் எடுத்தாளப்பட்டது. 1862 செப்டம்பரில் சாராயப் படி ஒழிந்தது. 1914 ஜூலையில், கடற்படைச் செயலர் ஜோசபஸ் டேனியல்ஸின் ஆணையால் அதிகாரிகளின் உணவுக்கூடங்களிலிருந்தும் மது வெளியேறியது.

அடுத்த திருப்பம் பயணிகள் கப்பல்களில் நிகழ்ந்தது. 1920-இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு அச்சட்டத்துக்கு இல்லை. எனவே கடலில் எழுந்த கேள்வி 'யார்' என்பதாக இல்லாமல் 'எங்கே' என்பதாக மாறியது. 1923 ஏப்ரலில் குனார்டு நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரு பக்கமும் வெட்டும் தீர்ப்பு ஒன்றை அளித்தது. அமெரிக்க ஆட்சிக்கடலுக்குள் வந்தால் அயல்நாட்டுக் கப்பலுக்கும் மதுவிலக்கு பொருந்தும். ஆழ்கடலில் அமெரிக்கக் கப்பலுக்கே அது பொருந்தாது. அன்றைய ஆட்சிக்கடல் மூன்று கடல் மைல் மட்டுமே. பூட்டி முத்திரையிட்ட மதுவுடன் பிரித்தானியக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வர 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கை இடமளித்தது. அதற்கு மாற்றாக, கள்ளக்கடத்தல் கப்பல்களை ஒரு மணி நேரப் பயணத் தொலைவு வரை சென்று சோதிக்கும் உரிமையை அமெரிக்கா பெற்றது. இறையாண்மையின் எல்லைக்கோடு சாராயப் பீப்பாயை வைத்து வரையப்பட்ட தருணம் இது. எந்த ஊருக்கும் செல்லாமல், எல்லையைக் கடந்து குடித்துவிட்டுத் திரும்புவதற்கென்றே அக்காலத்தில் குறுங்கடற்பயணங்கள் நடந்தன. போவதற்காக அன்றிக் கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறுதல் என்னும் இன்றைய உல்லாசப் பயணத்தின் கருத்து அவற்றிலும் முளைவிட்டிருந்தது.

1933-இல் மதுவிலக்கு நீங்கியபின் வயதை வரையறுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் சென்றது. 1971-இல் வாக்குரிமை வயது 18 ஆனதைத் தொடர்ந்து பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் தளர்த்தின. இளைஞர்களின் சாலை விபத்துச் சாவுகள் பெரும் விவாதமாகி, 1984-இல் தேசியக் குறைந்தபட்சக் குடிவயதுச் சட்டம் வந்தது. வரம்பை 21 ஆக உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி மறுக்கப்படும் என்பதே அதன் பிடி. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெரிய உல்லாசக் கப்பல்களில் குடிக்கும் வயது 21. அக்கப்பல்களில் மிகப் பல பனாமா, பஹாமாஸ், லைபீரியா போன்ற நாடுகளில் பதிவானவை. நெடுஞ்சாலைக்காகப் பிறந்த எண் ஒன்று, சாலையே இல்லாத இடத்தில், எந்தப் பயணியும் ஓட்டாத ஊர்தியில் ஆட்சி செய்கிறது. அதைக் கடலுக்குக் கொண்டுசென்றது கொடி நாட்டின் சட்டமன்று. பயணச்சீட்டு ஒப்பந்தத்தின் வழியே நிறுவனமே கொண்டுசென்றது. ராயல் கரீபியன் நிறுவனம் வட அமெரிக்காவிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு 21 என்றும், ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா முதலியவற்றிலிருந்து புறப்படுவனவற்றுக்கு 18 என்றும் வகுத்திருக்கிறது. கோடையில் மத்தியதரைக் கடலிலும் குளிர்காலத்தில் கரீபியனிலும் ஓடும் ஒரே கப்பலில், அதே இருக்கையில் அமரும் 19 வயதினர் ஆறு மாதம் பெரியவர், ஆறு மாதம் சிறுவர். மாறியது கொடியோ கடலோ அன்று. பயணச்சீட்டு வாங்கும் குடும்பமும், வழக்குத் தொடுக்கப்படக்கூடிய நீதிமன்றமுமே மாறின.

பன்னாட்டுச் சட்டம் எங்கே அக்கறை காட்டுகிறது என்பதையும் உடன் நோக்க வேண்டும். மாலுமிகளின் பயிற்சி குறித்த உடன்படிக்கைக்கு 2010-இல் மணிலாவில் செய்யப்பட்ட திருத்தங்கள், பணியிலுள்ள கப்பல் ஊழியரின் இரத்தத்தில் மதுவளவு 0.05 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கின்றன. பயணியின் குடிவயதுக்கு அத்தகைய பன்னாட்டு விதி ஏதும் இல்லை. அதே 2010-இல் அமெரிக்கா இயற்றிய உல்லாசக் கப்பல் பாதுகாப்புச் சட்டம், தளக் கைப்பிடிச் சுவரின் உயரம் 42 அங்குலத்துக்குக் குறையலாகாது என்கிறது. அறைக் கதவில் வெளியே யார் நிற்கிறார் என்று பார்க்கும் வசதி வேண்டும் என்கிறது. குற்றங்களை உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குடிக்கும் வயதை அது வரையறுக்கவில்லை. சுவரின் உயரம் அரசின் அக்கறைக்குள் வந்துவிட்டது. சுவரருகே தள்ளாடி நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை நிறுவனத்தின் விதிப்புத்தகத்திலேயே விடப்பட்டிருக்கிறார்.

இந்தியாவுக்குத் திரும்புவோம். 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் போர்க்கப்பல், படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பல், படைத்துறை உணவுக்கூடம் ஆகியவற்றில் அயல்நாட்டு மது அருந்த விலக்களிக்க இடம் வைத்திருந்தது. எஃப்.என். பல்சாரா வழக்கில் 1951 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கு சமத்துவ உரிமைக்கு முரணன்று என்று கூறியது. கரையில் எல்லோருக்கும் மறுத்ததைக் கடலில் சீருடைக்கு அனுமதித்த இந்தத் தர்க்கம், மேலே கண்ட பிரித்தானியப் பேரேட்டின் வழித்தோன்றல் எனலாம். அரசமைப்பில் மது மாநிலப் பட்டியலின் 8-ஆம் பதிவில் இருக்கிறது. ஆட்சிக்கடலின் அடியிலுள்ள நிலமும் கனிமமும் 297-ஆம் உறுப்பின்படி ஒன்றியத்தைச் சேர்கின்றன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடலின் அகலத்தை 12 கடல் மைல் என்கிறது. மாநிலத்தின் மதுவும் ஒன்றியத்தின் கடலும் சந்திக்கும் இந்தப் பன்னிரண்டு மைலில்தான் நம் 24 வயதுப் பயணி நின்றுகொண்டிருக்கிறார்.

உல்லாசக் கப்பல் தொழில் நம் கரைகளில் இப்போதுதான் வேர்பிடிக்கிறது. ஆகவே விதிகளும் இப்போதுதான் உருப்பெறும். அவற்றை ஆராயப்போகும் சட்டவியல், வரலாற்று மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரம்பு 18-ஆ, 21-ஆ, 25-ஆ என்ற கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். அந்த எண் யாருடைய அச்சத்திலிருந்து பிறந்தது, அது மீறப்பட்டால் யார் யாருக்குப் பொறுப்பு, கரை கண்ணுக்குத் தெரியாத இரவில் ஓர் இளையவருக்குத் தீங்கு நேர்ந்தால் எந்த ஊர்க் காவல் நிலையத்தில் அது பதிவாகும் என்று கேளுங்கள். கடற்படைப் பேரேட்டில் 'யூ.ஏ.' என்று குறிக்கப்பட்ட சிறுவனைப் பற்றி அந்தப் பேரேடு நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அவனுக்கு ரம் அளக்க வேண்டியதில்லை. அவன் எப்படி இருந்தான் என்று எழுத அதில் கட்டம் இல்லை. நாம் எழுதப்போகும் விதிகளிலாவது அந்தக் கட்டம் இருக்க வேண்டும்.